கனவில் தெளிவது மனத்தைக் கெடுக்குமா?

கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று நமக்குத் தெரிந்துவிடுவதை லூசிட் கனவு என்கிறார்கள். அதைப் பற்றிப் பேசும் காணொளிகள் பெரும்பாலும் இரண்டே வகை. இன்றிரவே வானத்தில் பறக்கலாம், செத்துப்போன பாட்டியிடம் பேசலாம், தேர்வுக்குக்கூடப் படிக்கலாம் என்று ஆசை காட்டுபவை ஒரு வகை. கனவுக்குள் மாட்டிக்கொண்டால் திரும்ப முடியாது, கோமாவுக்குப் போய்விடுவார்கள், பைத்தியம் பிடிக்கும் என்று பயமுறுத்துபவை இன்னொரு வகை. இரண்டிலும் ஒரே குறைதான்: கனவு எப்படி நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அது தெரிந்தாலே எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது பாதி விளங்கிவிடும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். தானாக, எப்போதாவது வரும் லூசிட் கனவு நல்ல மனநலம் உள்ள ஒருவரைக் கெடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. தொல்லை பெரும்பாலும் அந்தக் கனவை வரவழைக்கச் செய்யும் வேலைகளிலிருந்துதான் வருகிறது. நடுராத்திரி அலாரம் வைத்துத் தூக்கத்தை உடைப்பது ஒன்று. பகலெல்லாம் ‘இது நிஜமா, கனவா’ என்று சோதித்துக்கொண்டே இருப்பது மற்றொன்று. இவை யாருக்கு, எந்த அளவில், ஏன் கெடுதலாகின்றன என்று பார்ப்போம்.

## ‘லூசிட்’ என்றால் பளிச்சென்று தெரிவதா?

நிறம், சத்தம், முகம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்த கனவைத்தான் லூசிட் கனவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1913-ல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஃபிரெடரிக் வான் ஈடன் ஒரு டச்சு மனநல மருத்துவர். புத்தி தடுமாறிய ஒருவர் நடுவில் கொஞ்ச நேரம் சுயநினைவோடு பேசினால், அந்த இடைவேளையை மருத்துவர்கள் ‘லூசிட்’ என்று சொல்வதுண்டு. அந்தப் பொருளில்தான் அவரும் சொன்னார். இதைப் புரிந்துகொள்ளத் தமிழில் வேறு விளக்கமே தேவையில்லை. ‘மயக்கம் தெளிந்தது’, ‘போதை தெளிந்தது’ என்கிறோமே, அந்தத் தெளிவுதான். கண்ணாடித் தெளிவு இல்லை, புத்தித் தெளிவு. தெளிகனவு என்றே சொல்லலாம்.

தியேட்டரில் படம் பார்த்து அழுதுகொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் யாரோ செல்போனை எடுக்க, அந்த வெளிச்சத்தில் ‘அட, இது சினிமா’ என்று சட்டென்று உறைக்கிறது. திரையில் படம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. நீங்கள் மட்டும் அதிலிருந்து ஓரடி விலகிவிட்டீர்கள். கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி உறைப்பதுதான் தெளிகனவு. கதையை நம் விருப்பத்துக்கு மாற்றுவது வேறு திறமை. கனவு என்று தெரிந்தும் துரத்தும் நாயை நிறுத்த முடியாமல் ஓடுபவர்களும் உண்டு.

இது அபூர்வமும் இல்லை. அரை நூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான பகுப்பாய்வு ஒன்றின்படி, ஏறக்குறைய 55 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்திருக்கிறது. மாதம் ஒரு முறையோ அதற்கு மேலோ வருவது 23 சதவீதம் பேருக்கு. சைவ சித்தாந்தத்தில் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி என்று நிலைகளைப் பிரித்திருக்கிறார்கள். நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தெளிகனவு முதல் இரண்டுக்கும் நடுவே வரப்பில் நிற்கிறது.

## கடை திறந்திருக்கிறது, கல்லாவில் ஆள் இல்லை

தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று இரவில் நான்கைந்து சுற்றுகள் வருகின்றன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அலையும் ஒரு கட்டம் உண்டு. 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் விவரித்த இந்தக் கட்டத்துக்கு ரெம் உறக்கம் என்று பெயர். விரிவான, கதைபோன்ற கனவுகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. பெரியவர்களின் தூக்கத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் இரவு முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. முதல் சுற்றில் பத்து நிமிடமோ அதற்கும் குறைவோ வரும். விடிகாலைச் சுற்றில் அரைமணி நேரம்கூட நீளும். இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ரெம் உறக்கத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. பார்க்கும் பகுதி வேலை செய்கிறது. பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் சில பகுதிகள் மட்டும் ஓய்வெடுக்கின்றன. ‘இது பொருந்துகிறதா?’ என்று கேட்கும் வேலை அவற்றுடையது. மளிகைக்கடை திறந்திருக்கிறது, பையன்கள் பொட்டலம் கட்டுகிறார்கள், கல்லாவில் மட்டும் ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எதை எடுத்துப் போனாலும் கேட்பாரில்லை. அதனால்தான் பத்து வருஷத்துக்கு முன் இறந்துபோன தாத்தா கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டாலும் கனவில் நமக்கு உறுத்துவதில்லை.

தெளிகனவில் நடப்பது, கடைக்காரர் பாதித் தூக்கத்தில் எழுந்து கல்லாவில் வந்து உட்கார்வது. கடை மூடவில்லை. ஆனால் இப்போது கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. மியூனிக்கில் மார்ட்டின் ட்ரெஸ்லர் குழு 2012-ல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், தெளிவு வந்த நேரத்தில் இந்த முன்பகுதிகளில் வேலை கூடுவது தெரிந்தது. ஸ்கேன் கருவியின் இரைச்சலுக்குள் தூங்கி, கனவு கண்டு, அதில் தெளியவும் வேண்டுமே! பயன்படும் பதிவு ஒரே ஒருவரிடமிருந்துதான் கிடைத்தது. ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று யாராவது அடித்துப் பேசும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

## கிளட்ச் பிடித்த வண்டி

கனவில் ஓடுகிறோம், கால் ஏன் உதைப்பதில்லை? கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் என்ஜின் அலறும், சக்கரம் சுற்றாது. ரெம் உறக்கத்தில் மூளைத்தண்டு அந்தக் கிளட்சைப் பிடித்துவைக்கிறது. ஓடு, அடி, கத்து என்று மேலிருந்து வரும் கட்டளைகள் தண்டுவடத்திலேயே தடுக்கப்படுகின்றன. மூச்சு விடும் உதரவிதானமும் கண் தசைகளும் மட்டும் விதிவிலக்கு.

அந்த விதிவிலக்குதான் தெளிகனவை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்கவைத்துப் பதிவு எடுத்தார். கனவில் தெளிந்ததும் கண்ணை இடது, வலது என்று பேசிவைத்த எண்ணிக்கையில் அசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பதிவுத்தாளில் அந்த அசைவு அப்படியே விழுந்தது. உடலோ ரெம் உறக்கத்தில் இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதையே செய்து 1981-ல் வெளியிட்டார். அதுவரை ‘அது தூக்கமே இல்லை, அரைவிழிப்பு’ என்று ஒதுக்கியவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதே கிளட்ச்தான் பெரும் பயத்துக்கும் காரணம். சில சமயம் ஓட்டுநர் விழித்துவிடுவார், கிளட்ச் மட்டும் விடுபடாமல் இருக்கும். கண் திறந்திருக்கும், அறை தெரியும், விரலை அசைக்க முடியாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் ஊரில் ‘அமுக்குவான் பேய்’ என்று சொல்வது இதைத்தான். மருத்துவத்தில் உறக்க முடக்கம் என்பார்கள். சில வினாடி முதல் சில நிமிடம்வரை இருந்துவிட்டுத் தானாக விலகும். மூச்சு நிற்காது, உதரவிதானம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் முழுப் பலத்தோடு திமிறாமல், ஒரு கால் விரலை மட்டும் அசைக்க முயன்று மூச்சை நிதானமாக விட்டால் பயம் குறையும். தூக்கக் குறைவும் நேரம் தவறிய தூக்கமும் இதை அதிகமாக்குகின்றன. மல்லாந்து படுப்பவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது.

இதுவரை பார்த்ததை வைத்து இரண்டு வதந்திகளைக் கழித்துவிடலாம். ரெம் கட்டம் தன் நேரம் முடிந்ததும் கலையும். அலாரம், கொசு, சிறுநீர் முட்டுவது எதுவும் அதை முன்கூட்டியே கலைக்கும். கனவில் ‘மாட்டிக்கொள்ள’ கதவோ பூட்டோ அங்கே இல்லை. கனவுக்குள் பல வருஷம் வாழ்ந்துவிட்டு வரலாம் என்பதும் கதை. கனவில் எண்ணிக் காட்டச் சொல்லிச் சோதித்ததில், எண்ணுவதற்கு ஆன நேரம் விழிப்பில் ஆவதற்கு நெருக்கமாகவே இருந்தது. உட்கார்ந்து எழும் உடற்பயிற்சிக்குக் கனவில் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம்தான் பிடித்தது.

## வரவழைக்கும் முறைகளும் அவற்றின் விலையும்

தானாக வராதவர்கள் நான்கு வழிகளைக் கையாள்கிறார்கள்.

முதலாவது கனவுக் குறிப்பேடு. எழுந்ததும் அசையாமல் படுத்தபடி கனவை நினைவுகூர்ந்து நாலு வரி எழுதுவது. பெரிதாகக் கெடுதல் ஏதும் இல்லை.

இரண்டாவது நிஜச் சோதனை. பகலில் பல முறை நின்று ‘இப்போது கனவா?’ என்று கேட்டு, ஏதாவது ஒன்றைச் சோதிப்பது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூக்காலேயே மூச்சு இழுத்துப் பார்ப்பார்கள்; கனவென்றால் மூச்சு வரும். ஒரு வரியைப் படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படிப்பார்கள். கனவில் எழுத்து மாறிவிடும். பகலில் பழகியது கனவிலும் கை பழக்கமாக வரும் என்பது எதிர்பார்ப்பு. யோசிக்காமல் இயந்திரம் மாதிரி மூக்கைப் பிடித்தால் பயன் கிடைப்பதில்லை. உண்மையாகவே சந்தேகப்பட வேண்டும். அந்த ‘உண்மையான சந்தேகம்’தான் சிலருக்கு ஆபத்தாகிறது. அதைப் பிறகு பார்ப்போம். ஒரு எச்சரிக்கை மட்டும் இங்கேயே: பறக்க முடிகிறதா என்பது சோதனை அல்ல. மாடி, பால்கனி, சாலை எதையும் சோதனையில் சேர்க்கக் கூடாது. கனவு என்று தெரிந்தாலும் தரையிலிருந்துதான் எழும்ப வேண்டும்.

மூன்றாவது இடையில் எழுந்து மீண்டும் படுப்பது. படுத்து ஐந்து மணி நேரம் கழித்து அலாரம், பத்து முதல் முப்பது நிமிடம் விழித்திருத்தல், மறுபடி தூக்கம். விடிகாலையில் ரெம் நீளம் என்று பார்த்தோமே, நேராக அதற்குள் போய் இறங்கும் தந்திரம் இது.

நான்காவது, லபெர்ஜ் 1980-ல் எழுதிய நினைவூட்டல் முறை. மறுபடி படுக்கும்போது ‘அடுத்து கனவு கண்டால், இது கனவு என்று எனக்கு நினைவு வரும்’ என்பதை மனத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி, சற்றுமுன் கண்ட கனவில் தெளிவதாகக் கற்பனை செய்வது. மளிகை வாங்கப் போகும்போது தீப்பெட்டி மறக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே போவோமே, அதே உத்தி. அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில் கடைசி மூன்று முறைகளையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் சுமார் 17 சதவீத இரவுகளில் பலன் கிடைத்தது. நினைவூட்டலை முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்கு அது 46 சதவீதம்வரை போனது. ‘இன்றிரவே நிச்சயம்’ என்று சொல்பவரிடம் இந்த 17-ஐக் காட்டலாம்.

மாத்திரை வழி ஒன்றும் இருக்கிறது. காலன்டமின் என்பது அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து. 2018-ல் 121 பேரிடம் நடந்த ஆய்வில் 8 மில்லிகிராம் அளவு தெளிகனவைக் கணிசமாகக் கூட்டியது உண்மைதான். அதே மருந்து வாந்தி, வயிற்றுக் கோளாறு, தலைசுற்றலைக் கொண்டுவரும். இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் இதய மருந்து சாப்பிடுபவர்களும் விளையாட்டுக்காக இதைத் தொடுவது அறிவீனம். அமெரிக்காவில் ‘சத்து மாத்திரை’ வரிசையில் விற்கிறார்கள் என்பதற்காக அது சுக்குக் காப்பி ஆகிவிடாது.

## முதல் கெடுதல்: தூக்கக் கடன்

இரவு 10.30-க்குப் படுத்து 3.30-க்கு அலாரம் வைக்கிறீர்கள். 25 நிமிடம் விழித்திருக்கிறீர்கள். மறுபடி தூக்கம் பிடிக்க இன்னொரு 25 நிமிடம். ஆறரைக்கு எழ வேண்டும். எட்டு மணித் தூக்கம் ஏழு மணிக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிட்டது. பெரியவர்களுக்குக் குறைந்தபட்சம் ஏழு மணி என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. ஒரு நாள் என்றால் தாங்கும். வாரம் ஐந்து நாள் செய்தால் நான்கு மணிக்கு மேல் கடன். அதுவும் எங்கிருந்து போகிறது? விடிகாலை ரெம் உறக்கத்திலிருந்து. உணர்ச்சிகளைப் பதப்படுத்துவதில் அந்த உறக்கத்துக்குப் பங்கு இருக்கிறது என்று கருதப்படுகிறது.

கடன் ஏறினால் எரிச்சல், பதற்றம், கவனக்குறைவு வரும். உறக்க முடக்கம் கூடும். வண்டி ஓட்டுபவருக்கு இது நேரடி ஆபத்து. இருமுனைக் கோளாறு (பைபோலார்) உள்ளவருக்கு ஓரிரு இரவுத் தூக்கக் குறைவே, மனம் அளவுக்கு மீறிப் பொங்கியெழும் மிகையெழுச்சி நிலையைத் தூண்டிவிடலாம். வலிப்பு உள்ளவருக்கு வலிப்பைத் தூண்டலாம். ‘லூசிட் கனவு கண்டதால் மனநிலை கெட்டது’ என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதைத்தான்.

கெட்ட கனவுகள் அடிக்கடி வருபவர்களுக்குத் தெளிகனவும் கூடுதலாக வருவது வழக்கம். அவர்களுடைய தூக்கம் ஏற்கெனவே மோசமாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டு ‘தெளிகனவு தூக்கத்தைக் கெடுக்கிறது’ என்று சொன்னால், குடையால்தான் மழை வருகிறது என்று சொல்வது போலாகும். ஜெர்மனியில் இதை ஆராய்ந்தபோது, கெட்ட கனவின் பங்கைக் கழித்துப் பார்த்ததும் தெளிகனவுக்கும் மோசமான தூக்கத்துக்கும் இருந்த தொடர்பு கரைந்துபோனது.

## இரண்டாவது கெடுதல்: ‘கேஸை மூடினேனா, மூடியதாக நினைத்தேனா?’

பேருந்தில் ஏறியபின் இந்தச் சந்தேகம் வராதவர் யார்? மூடியதும் நினைவில் இருக்கிறது, மூட வேண்டும் என்று நினைத்ததும் நினைவில் இருக்கிறது. எது நடந்தது, எது மனத்தில் ஓடியது என்று பிரிப்பது மூளையின் தனி வேலை. ஒவ்வொரு நினைவின் முதுகிலும் ‘வெளியிலிருந்து வந்தது’, ‘உள்ளே உருவானது’ என்று சீட்டு ஒட்டுகிற வேலை என்று வைத்துக்கொள்ளலாம். உளவியலில் இதற்கு நிஜக் கண்காணிப்பு என்று பெயர்.

சாதாரணக் கனவில் இந்தச் சீட்டு பிரச்சினை ஆவதில்லை. கனவு குழப்பமாக இருக்கும், எழுந்ததும் மறந்தும்போகும். தெளிகனவிலோ நாமே முடிவெடுக்கிறோம், யோசிக்கிறோம், விழித்தபின் நினைவிலும் நிற்கிறது. நிஜ அனுபவத்தின் அடையாளங்கள் பல அதில் இருக்கின்றன. பெரும்பாலானவர்களின் மூளை அப்போதும் சரியான சீட்டைத்தான் ஒட்டும். ஏற்கெனவே இந்தப் பிரிப்பு பலவீனமாக உள்ளவர்களிடம்தான் தடுமாற்றம் வர வாய்ப்பு. அந்த வரிசையில் முதலில் வருவது சைக்கோசிஸ். இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத நம்பிக்கை கெட்டிப்படுவது என்று நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை அது. மனச்சிதைவு நோயில் இது வரும்.

இன்னொரு நிலைக்கு டீரியலைசேஷன் என்று பெயர். சுற்றியுள்ள உலகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போல, நாடக செட்டு போலத் தோன்றும். கடும் பதற்றத்திலும் தூக்கக் குறைவிலும்கூட வரும். அப்படிப்பட்டவர் நாளைக்கு இருபது முறை ‘இது நிஜமா?’ என்று மனப்பூர்வமாகச் சந்தேகப்படுவது, ஆறாத புண்ணைச் சொறிவதற்குச் சமம். மற்றவர்களுக்கு அது பயிற்சி. இவருக்கு அதுவே நோயின் கேள்வி. பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்க்கும் ஓசிடி உள்ளவருக்கும் இதே ஆபத்து உண்டு. மூக்கைப் பிடிப்பது இன்னொரு பூட்டாகிவிடும்.

பொய் விழிப்பு என்ற ஒன்றும் இருக்கிறது. எழுந்து, பல் துலக்கி, காபி போட்டு, பிறகு நிஜமாக எழுவது. தெளிகனவுப் பயிற்சி செய்பவர்களுக்கு இது அவ்வப்போது வரும். ஓரிரு முறை என்றால் வேடிக்கை. ஒரே காலையில் மூன்று முறை வந்து, குளிக்கும்போதும் சந்தேகம் தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்த வேண்டிய நேரம்.

சுருக்கிச் சொன்னால், முதல் கெடுதல் யாருக்கும் வரலாம், அது தூக்கக் கணக்கு. இரண்டாவது சிலருக்கே வரும், ஆனால் வந்தால் ஆழமாக இறங்கும்.

## ஆய்வுகள் சொல்வது எந்த அளவு?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்களில் முக்கியமானவர் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிரித் சோஃபர்-டுடெக். லியட் அவிராமுடன் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 187 மாணவர்கள் இருந்தார்கள். தெளிகனவு எத்தனை முறை வருகிறது என்பதற்கும் மனநல அறிகுறிகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. கனவில் தெளிவும் கட்டுப்பாடும் நல்ல உணர்ச்சியும் கூடியிருந்தவர்களுக்கு அறிகுறிகள் குறைவாகவே இருந்தன. ஆனால் வேண்டுமென்றே வரவழைக்கும் முறைகளைக் கையாண்டவர்களிடம், இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, தன்னிலிருந்தே விலகியதுபோன்ற உணர்வும் விநோத நம்பிக்கைகளும் கொஞ்சம் கூடியிருந்தன.

முறைதான் கெடுத்தது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஏற்கெனவே மனம் அலைபாய்பவர்கள்தான் இந்த முறைகளைத் தேடிப் போகிறார்களோ? மாணவர்கள் தாங்களே நிரப்பிய வினாத்தாள் அது, எண்ணிக்கையும் சிறியது. இருந்தாலும் அது சுட்டும் திசை, மேலே பார்த்த இயக்கத்தோடு பொருந்திப்போகிறது.

பிரேசிலில் சைக்கோசிஸ் உள்ளவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு மூலையைக் காட்டியது. அவர்களுக்குத் தெளிகனவு மற்றவர்களைவிட அதிகமாக வரவில்லை. வந்தபோது கனவின் மேல் அவர்களுக்கு இருந்த கட்டுப்பாடு கூடுதல். உள்ளே உருவான உலகம் சொன்னபடி கேட்பது அவர்களுடைய பிரமைகளை இன்னும் கெட்டிப்படுத்தலாம், ஆகையால் ஊக்குவிக்க வேண்டாம் என்பது ஆய்வாளர்களின் எச்சரிக்கை.

## அதே கருவி மருந்தாகும் இடம்

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வரும் ஒருவருக்குத் தெளிவு உதவலாம். துரத்துபவனை நின்று பார்க்கலாம், கதவைத் திறந்து வெளியேறலாம், ‘இது கனவுதான்’ என்று தெரிந்ததாலேயே பயம் பாதியாகலாம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டலில், கெட்ட கனவுக் கோளாறுக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்ற வரிசையில் தெளிகனவுச் சிகிச்சையும் இருக்கிறது. பரிந்துரைக்கிறோம் என்று அழுத்திச் சொன்ன இடம் வேறொன்றுக்கு. கெட்ட கனவை விழிப்பில் எழுதி, முடிவை மாற்றி, புதிய கதையைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனத்தில் ஓட்டும் ஒத்திகை முறை அது. இதற்கு அலாரமும் வேண்டாம், நிஜச் சோதனையும் வேண்டாம். கெட்ட கனவுதான் பிரச்சினை என்றால் இங்கிருந்தே தொடங்கலாம். விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பின் வரும் கெட்ட கனவாக இருந்தால் தனியாக எதையும் முயலாமல் மனநல மருத்துவரோடு செய்ய வேண்டும்.

## தொடக் கூடாதவர்கள்

தனக்கோ உடன்பிறந்தவர்க்கோ பெற்றோருக்கோ சைக்கோசிஸ் வந்திருந்தால், இருமுனைக் கோளாறு இருந்தால், உலகம் நிஜமில்லாததுபோல் தோன்றும் அனுபவம் இருந்தால், வலிப்பு இருந்தால் வரவழைக்கும் முறைகள் வேண்டாம். தூக்கமின்மையால் ஏற்கெனவே தவிப்பவருக்கும் இரவு ஷிப்ட்காரருக்கும் தேர்வு நேர மாணவருக்கும் அலாரம் முறை வேண்டாம்.

இன்னொரு குழு அதிகம் பேசப்படுவதில்லை. வாழ்க்கை கசந்து, கனவு இனித்து, மதியம் மூன்று மணிவரை படுக்கையில் கிடப்பவர்கள். கனவு அங்கே நோய் அல்ல. மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். நாள் முழுக்கத் தூக்கம் தள்ளிக்கொண்டு வந்து, சிரித்தால் முழங்கால் தளர்ந்து, தெளிகனவும் தினமும் வந்தால் நார்கோலெப்சி என்ற நரம்பு நோயைச் சோதிக்க வேண்டும். கனவில் அடிப்பதை நிஜத்தில் பக்கத்தில் படுத்தவர் மேல் அடித்தால் அது கிளட்ச் பழுது. ஐம்பது வயதுக்கு மேல் இப்படித் தொடங்கினால் நரம்பியல் மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்குச் சில வருஷம் முன்பே இது தலைகாட்டுவதுண்டு.

## செய்துதான் பார்ப்பேன் என்றால்

மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லையா? முதல் இரண்டு வாரம் குறிப்பேடு மட்டும். கனவு நினைவில் நிற்காதவருக்கு மற்ற முறைகள் வீண். பிறகு வாரத்தில் ஒரே ஒரு இரவு, மறுநாள் விடுமுறை என்ற இரவாகப் பார்த்து அலாரம் வையுங்கள். உடைத்த நேரத்தை மறுநாள் காலை கூடுதலாகத் தூங்கித் திருப்பிக் கட்டுங்கள். எழுந்ததும் செல்போன் வெளிச்சம் வேண்டாம். மங்கலான விளக்கில் கனவுக் குறிப்பைப் படித்தால் போதும். அரைமணிக்குள் தூக்கம் திரும்பவில்லையென்றால் அன்றைக்குக் கைவிடுங்கள்.

நிஜச் சோதனை நாளுக்கு நாலைந்துக்கு மேல் போக வேண்டாம். சும்மா நினைத்தபோதெல்லாம் செய்யாமல், ஏதாவது உண்மையிலேயே வினோதமாக நடந்தால் மட்டும் செய்யுங்கள். ஐந்து வருஷமாகப் பார்க்காத நண்பன் திடீரென்று எதிரே வருவது போல. கனவில் தெளிந்ததும் பலரும் செய்யும் தவறு துள்ளிக் குதிப்பது. அந்தப் பரபரப்பிலேயே விழிப்பு வந்துவிடும். உள்ளங்கைகளைத் தேய்த்து, அந்த உரசலைக் கவனித்தால் கனவு இன்னும் கொஞ்சம் நிற்கும். வெளியே வர வேண்டுமென்றால் கண்ணை வேகமாகச் சிமிட்டுவதும், கத்த முயல்வதும் பலருக்குப் பலிக்கின்றன. பலிக்காவிட்டாலும் ரெம் கட்டம் தானாக முடியும்.

பகலில் தூக்கம் சொக்குவது, முன்பில்லாத எரிச்சல், நடந்ததும் கனவு கண்டதும் குழம்புவது, உலகம் தட்டையாகத் தெரிவது, உறக்க முடக்கம் வாரம்தோறும் வருவது இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அலாரத்தையும் சோதனையையும் அன்றே விடுங்கள், குறிப்பேட்டையும் மூடிவையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் பல ரெம் உறக்கத்தை அடக்குபவை. அவற்றை நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் கனவுகள் வெள்ளமாகப் பாயும். ஆகவே மாத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இரண்டு வாரத்தில் சரியாகவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாத நிலை என்றால் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குரல் கேட்பது, யாரோ கண்காணிப்பதாகத் தோன்றுவது போன்றவை இருந்தால் இரண்டு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரிடம் பேசும்போது எத்தனை மணிக்கு அலாரம் வைத்தீர்கள், எத்தனை வாரமாக, என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வழியில்லை.